கடையில் கிட் கிடைக்காத விமானம்: ஃபேரி பிரைமரை நாமே வரைந்து, வெட்டி, பாலாற்று மணலில் பறக்கவிடுவது எப்படி

ஸ்பிட்ஃபயர் மாடல் செய்ய ஆசைப்பட்டால் வேலை சுலபம். கிட் வாங்கலாம், வரைபடம் வாங்கலாம், சந்தேகம் வந்தால் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போட்டியில் தோற்று, ஒன்றிரண்டு விமானங்களோடு நின்றுபோன ரகங்களுக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. அவற்றைத்தான் நாம் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் அங்கேதான் அளப்பது, ஊகிப்பது, சரிபார்ப்பது என்று முழு வேலையும் நம் கைக்கு வரும், முடித்தபிறகு அந்த விமானத்தின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாக இருக்கும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஃபேரி பிரைமர். அதைக் கிளைடராக, அதாவது எஞ்சின் இல்லாமல் கையால் எறிந்து பறக்கவிடும் மாடலாகச் செய்யப் போகிறோம். 1948-ல் பறந்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். ஒற்றை எஞ்சின், உடலுக்குக் கீழே இறக்கை, மாணவரும் ஆசிரியரும் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் அமைப்பு, மடங்காத சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். இதன் வேர் போருக்கு முந்தையது. பிரிட்டனின் ஃபேரி நிறுவனத்துக்கு பெல்ஜியத்தில் ஒரு கிளை இருந்தது. அங்கே எர்னஸ்ட் ஆஸ்கார் டிப்ஸ் என்ற வடிவமைப்பாளர், தன் பெயரை ஒட்டியே டிப்சி என்ற வரிசையில் சின்னச் சின்ன விமானங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவற்றில் டிப்சி எம் என்பதுதான் பிற்பாடு பிரைமர் ஆனது. நடுவில் போர் வந்தது, பெல்ஜியம் ஜெர்மனியிடம் விழுந்தது, வரைபடங்கள் அழிந்துபோயின. விமானம் மட்டும் மிஞ்சியது. போர் முடிந்து மறுபடி தயாரிக்கலாம் என்று முடிவானபோது கையில் காகிதம் இல்லை, அதனால் மிஞ்சிய விமானத்தையே கழற்றி, பாகம் பாகமாகப் பார்த்துப் புது வரைபடம் போட்டார்கள்.

அப்புறம் பிரிட்டிஷ் விமானப்படைக்காகச் சோதித்துப் பார்த்தார்கள். எதிரே நின்றது டி ஹாவிலண்ட் சிப்மங்க். 1946 மே 22 அன்று கனடாவில் முதலில் பறந்து, பிரைமர் தயாராவதற்குள் நன்றாகத் தேறிவிட்ட விமானம் அது. படை அதைத் தேர்ந்தெடுத்தது, மொத்தம் 1,200-க்கும் மேல் சிப்மங்க் கட்டினார்கள். பிரைமர் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே நின்றது. போர் முடிந்த சமயத்தில் டைகர் மோத் போன்ற பழைய பயிற்சி விமானங்கள் மலிவாகக் குவிந்து கிடந்ததையும் சேர்த்துப் பாருங்கள், புதிதாக ஒரு சின்னப் பயிற்சி விமானத்தை விற்பது அப்போது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

நமக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரைமரில் இரண்டு எஞ்சின்களைப் பொருத்திப் பார்த்தார்கள்: 145 குதிரைத்திறன் ஜிப்சி மேஜர் 10, 155 குதிரைத்திறன் சிரஸ் மேஜர் 3. பெங்களூரில் வி.எம். காட்கே தலைமையில் எச்.ஏ.எல். விமான நிறுவனம் வடிவமைத்த எச்.டி-2 பயிற்சி விமானத்தின் கதையும் இதே இரண்டு எஞ்சின்கள்தான். 1951 ஆகஸ்ட் 5-ல் பறந்த முதல் விமானத்தில் ஜிப்சி மேஜர், அடுத்ததில் சிரஸ் மேஜர். எச்.டி-2 நல்லபடியாகத் தயாரிப்புக்குப் போய் நம் விமானிகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தது. காட்பாடியில் ரயில் ஏறினால் அரை நாளுக்குள் பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் எச்.டி-2 முன்னால் நிற்கலாம். போய்ப் பாருங்கள், குறிப்பாக மூக்கைப் பாருங்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வரைபடம் போடுவது

மொத்த வேலையில் பாதி இதுதான், அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம்: மாடல் செய்ய விமானத்தின் நிஜ அளவு தெரிந்திருக்கத் தேவையில்லை. விகிதம் தெரிந்தால் போதும். இறக்கையின் மொத்த நீளம் 40 செ.மீ. என்று நாம் வைத்துக்கொண்டால், உடல் நீளம், வால் உயரம், சக்கரத்தின் அளவு எல்லாம் அந்த 40-க்கு எத்தனை பங்கு என்று மட்டும் கண்டுபிடித்தால் சரி.

அதற்கு இரண்டு போட்டோ வேண்டும். ஒன்று பக்கவாட்டில் எடுத்தது, இன்னொன்று நேர் முன்னாலிருந்து எடுத்தது. பக்கவாட்டுப் படம் நேராக எடுத்ததா, கோணலாக எடுத்ததா என்று தெரிந்துகொள்ள சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் வட்டமாகத் தெரிந்தால் படம் நேர். முட்டை வடிவமாகத் தெரிந்தால் கேமரா முன்னாலோ பின்னாலோ தள்ளி நின்றிருக்கிறது, அந்தப் படத்தில் உடல் நீளம் குறைந்துதான் காட்டும், அளவுக்கு உதவாது. ஸ்கேலை வைத்துச் சக்கரத்தின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள், கண்ணை மட்டும் நம்பாதீர்கள். முன்புறப் படத்துக்கும் ஒரு சோதனை உண்டு: மூக்கின் நடுவிலிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும் தூரம் சமமாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் நீண்டிருந்தால் அந்தப் படமும் வேண்டாம்.

தரையில் நிற்கும்போது இந்த மாதிரி விமானங்கள் வாலில் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் பக்கவாட்டுப் படத்தை அச்செடுத்ததும், ப்ரொப்பெல்லர் மையத்திலிருந்து வால் நோக்கி உடலின் நடுவே ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு கிடைமட்டமாக வரும்வரை தாளைத் திருப்பிவையுங்கள். உடல் நீளத்தை எப்போதும் இந்தக் கோட்டோடுதான் அளக்க வேண்டும்.

இனி கணக்கு. இரண்டு படங்களிலும் பொதுவாக இருக்கிற ஓர் அளவு வேண்டும். தரையிலிருந்து விமானி அறைக் கூரையின் உச்சி வரை உள்ள உயரம் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அது இறக்கைக்கு நேர் மேலே இருப்பதால் முன்புறப் படத்திலும் கிட்டத்தட்ட அதே தூரத்தில் விழும். பக்கவாட்டுப் படத்தில் உடல் நீளத்தை அந்த உயரத்தால் வகுங்கள். முன்புறப் படத்தில் இறக்கை நீளத்தை அதே உயரத்தால் வகுங்கள். இரண்டாவது விடையை முதல் விடையால் வகுத்தால், இறக்கை உடலைவிட எத்தனை மடங்கு நீளம் என்பது கிடைத்துவிடும்.

இதைப் பிரைமரில் நேராகப் போடாதீர்கள். முதலில் அளவு தெரிந்த விமானத்தில் பழகுங்கள். சிப்மங்கின் இறக்கை 10.46 மீட்டர், உடல் 7.75 மீட்டர், விகிதம் 1.35. எச்.டி-2-க்கு இறக்கை 10.72 மீட்டர், உடல் 7.53 மீட்டர், விகிதம் 1.42. இந்த இரண்டின் போட்டோக்களையும் எடுத்து உங்கள் முறையில் அளந்து பாருங்கள். சிப்மங்குக்கு 1.30-லிருந்து 1.40-க்குள் வந்தால் உங்கள் கை சரி. 1.6 வந்தால் பக்கவாட்டுப் படம் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம், வேறு படம் தேடுங்கள். இது இரண்டும் ஒழுங்காக வந்தபிறகு பிரைமருக்குப் போங்கள். விமானத்தின் மேல் எழுதியிருக்கும் பதிவெழுத்துகளில் ஒன்று ஜி-ஏஎல்பிஎல் (G-ALBL). விமானத்தின் பெயரோடு அதையும் சேர்த்துத் தேடினால் தேவையில்லாத படங்கள் குறையும்.

விகிதம் கிடைத்ததும் ஜெராக்ஸ் கடைக்கு. அச்செடுத்த படத்தில் உடல் 12 செ.மீ., நமக்கு வேண்டியது 30 செ.மீ. என்றால் 250 சதவீதம் பெரிதாக்கச் சொல்ல வேண்டும். கடையில் இருக்கும் மிஷின் 200 சதவீதம் வரைதான் போகும் என்றால் முதலில் 200, வந்த தாளை மறுபடி வைத்து 125. பெரிதாக்கிய தாளின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வெளிக்கோட்டை மட்டும் எடுங்கள். எடுத்தபிறகு அந்தக் கோட்டை போட்டோவின் மேல் மீண்டும் வைத்துப் பாருங்கள். வாலின் முதுகுக் கோட்டில்தான் பலருக்கும் கை வழுக்கும், நேர்கோடாக இருப்பது தெரியாமல் தொப்பையாகிவிடும்.

இறக்கையை மேலிருந்து பார்த்த படம் கிடைப்பதுதான் கஷ்டம். பக்கவாட்டுப் படத்தில், இறக்கை உடலோடு சேருமிடத்தில் அதன் அகலம் தெரியும். அதை வேர் அகலமாக எடுத்துக்கொள்ளுங்கள். நுனி அகலத்துக்கும் நுனியின் வளைவுக்கும் சாய்வாக எடுத்த படம் ஏதாவது ஒன்றைப் பார்த்து கண் மதிப்பில் போட வேண்டியதுதான். நாம் செய்வது 40 செ.மீ. கிளைடர், அருங்காட்சியகப் பொருள் இல்லை, அதனால் இந்த இடத்தில் ஓரிரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகாது. நான் கீழே சொல்லும் கணக்குக்கு வேரில் 7 செ.மீ., நுனியில் 5 செ.மீ., இரண்டு விளிம்பும் சமமாகக் குறுகுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் படத்தில் வேறு மாதிரி வந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பொருட்கள்

மாடல் செய்யப் பயன்படும் மிக லேசான பால்சா மரம் வேலூரில் கடையில் கேட்டால் கிடைக்கிற சரக்கு இல்லை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ தபாலில் வரவழையுங்கள். 1.5 மி.மீ., 2 மி.மீ., 3 மி.மீ. தாள் ஒவ்வொன்று போதும். வந்ததும் கையில் தூக்கிப் பாருங்கள், ஒரே தடிமனில் ஒன்று பஞ்சு மாதிரியும் இன்னொன்று கனமாகவும் இருக்கும். கனமானதை உடலுக்கு, லேசானதை வாலுக்கு. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று நான்கு கிராம் சேர்த்தால்தான் நிமிரும், அதனால் இந்தப் பங்கீட்டில் கஞ்சத்தனமாகவே இருங்கள்.

காட்பாடிப் பக்கம் என் தெருவில் இருக்கிற தச்சரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன், இழைக்க அல்ல, பார்க்கத்தான். கையில் வாங்கி, திருப்பி, நகத்தால் அழுத்தி, மோந்து பார்த்தார். "தம்பி, இதுல உளியை வெச்சா நசுங்கிடும். புது பிளேடு போட்டு, மூணு நாலு தடவையா கீறி எடு. ஒரே இழுப்புல வெட்டாத" என்றார். பால்சா பற்றி நான் கேட்ட அறிவுரைகளில் அதுதான் மிகவும் பயன்பட்டது. பழைய பிளேடு மரத்தை வெட்டாது, கிழிக்கும். பிளேடு விலை குறைவு, மாற்றிக்கொண்டே இருங்கள்.

மற்றதெல்லாம் லாங் பஜாரிலும் ஸ்டேஷனரி கடையிலும் கிடைத்துவிடும்: ஃபெவிகால், உப்புத்தாள் நைசு ரகமாக இரண்டு, மாஸ்கிங் டேப், குண்டூசி, பிள்ளைகள் விளையாடும் கிளே. சக்கரத்துக்குச் சட்டைப் பட்டன். வால் நடுவில் ஒரு தென்னை ஈர்க்கை ஒட்டிவிட்டால் இறங்கும்போது உடையாது, கனமும் சேராது.

பால்சா வரும்வரை தெர்மாகோலில் ஒரு மாதிரி செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃபெவிகுவிக் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் செருப்பு வேலைக்குப் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷனும் அப்படித்தான், தடவிய இடம் குழியாகும். தெர்மாகோலுக்கு ஃபெவிகால் மட்டுமே.

வெட்டி ஒட்டுவது

உடலைத் தட்டையாக, 3 மி.மீ. தாளில் ஒரே துண்டாக வெட்டுகிறோம். மர ரேகை மூக்கிலிருந்து வாலுக்கு ஓட வேண்டும். இறக்கைக்கு 2 மி.மீ., ரேகை வேரிலிருந்து நுனிக்கு. வால் பாகங்களுக்கு 1.5 மி.மீ. படுக்கை வாலை வரைபடத்தில் உள்ளதைவிடச் சுமார் 15 சதவீதம் பெரிதாக வெட்டுங்கள். நிஜ விமானத்தில் விமானி உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருப்பார், நம்முடையதில் யாரும் இல்லை, அதனால் வால் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் தானாக நிமிரும். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

தட்டையான இறக்கை பறக்கும், ஆனால் வளைந்த இறக்கை நன்றாகப் பறக்கும். வளைக்க 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று எடுங்கள், அதன் குறுக்களவு இந்த வேலைக்குக் கச்சிதமாக இருக்கிறது. பாதி இறக்கையின் மேல் பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, இறக்கை நீளம் வாளியின் உயரத்தோடு போகும்படி வைத்து, பழைய வேட்டித் துணியைப் பட்டையாகக் கிழித்துச் சுற்றிக் கட்டுங்கள். கயிறு வேண்டாம், தடம் பதியும். நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும், ஆனாலும் நிழலில் ஒரு ராத்திரி விடுவது நல்லது, அவசரமாகக் காய்ந்த பால்சா முறுக்கிக்கொள்கிறது. அவிழ்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். இறக்கையின் அடியில் குறுக்காக ஸ்கேலை வைத்துப் பாருங்கள், நடுவில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் அந்த வளைவு போதும்.

இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி வளைந்திருக்கிறதா என்று ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சரிபார்த்து, வேர் விளிம்புகளை உப்புத்தாளில் கொஞ்சம் சாய்வாகத் தேய்த்து ஒட்டுங்கள். ஒட்டும்போது ஒவ்வொரு நுனியும் மேசையிலிருந்து 2.5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும், தீப்பெட்டியையோ புத்தகத்தையோ அடியில் கொடுங்கள். அது சுமார் 7 டிகிரி. கீழ் இறக்கை விமானத்துக்கு இது மிக முக்கியம். மேல் இறக்கை விமானத்தில் எடை கீழே தொங்கும், நம்முடையதில் எடை மேலே இருப்பதால் நுனி உயர்வு குறைந்தால் ஒரு பக்கம் சாய்ந்தது சாய்ந்ததுதான், திரும்ப நிமிராது.

உடலின் அடியில் இறக்கை உட்காரும் இடத்தை அதன் வளைவுக்கு ஏற்பக் குடைந்தெடுங்கள். இறக்கையின் முன் விளிம்பு, பின் விளிம்பைவிட 3 மி.மீ. உயரமாக இருக்கும்படி. படுக்கை வாலை உடலின் நடுக்கோட்டுக்கு இணையாக, சாய்வே இல்லாமல் ஒட்டுங்கள். ஃபெவிகால் காய்வதற்குள் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்: இறக்கை, வால், செங்குத்து வால் மூன்றும் நேராக இருக்கிறதா என்று. அப்போது திருத்த ஒரு விநாடி. காய்ந்தபிறகு திருத்த ஒரு நாள்.

இனி மூக்கு. எச்.டி-2-வின் மூக்கைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஜிப்சி மேஜரும் சிரஸ் மேஜரும் தலைகீழ் எஞ்சின்கள். நான்கு சிலிண்டர்களும் வரிசையாகக் கீழே தொங்கும், ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு மேலே இருக்கும். அதனால் ப்ரொப்பெல்லர் தரையிலிருந்து உயரமாகச் சுற்றும், எஞ்சினின் பருமன் கீழே போய்விடுவதால் மூக்கின் மேல்பக்கம் தாழ்ந்து விமானிக்குப் பாதை தெரியும். வெளியே பார்த்தால் ப்ரொப்பெல்லர் மையத்துக்கு மேலே கொஞ்சமும் கீழே நிறையவும் இருக்கும், ஆழமான தாடை. சிலிண்டர்களைக் குளிர்விக்கக் காற்று நுழையும் வாய் முன்னால் இருக்கும். அந்தக் காலத்துப் பயிற்சி விமானத்தின் முகமே இதுதான். இதை விட்டுவிட்டு மூக்கை உருண்டையாகத் தேய்த்துவிட்டால் என்ன பெயர் எழுதினாலும் அது பிரைமர் ஆகாது. மூக்குப் பகுதியில் மட்டும் இரண்டு பக்கமும் 3 மி.மீ. துண்டுகளை இரண்டு அடுக்காக ஒட்டி, தாடையின் அகலத்தை விட்டுவிட்டு மேல் பக்கத்தை மட்டும் சரித்துத் தேயுங்கள். உள் அடுக்கில் ஒரு சின்னக் குழி விட்டுவைத்தால், பின்னால் எடை வைக்க உதவும்.

விமானி அறைக் கூரைக்கு ஸ்வீட் பெட்டியின் கண்ணாடி மூடியை வெட்டி உடலின் இரண்டு பக்கமும் ஒட்டினால் போதும். முழுமையாக வேண்டுமென்றால் மரத்தில் அச்சு செதுக்கி, அதைத் தண்ணீர் பாட்டிலுக்குள் நுழைத்து, சூடான காற்று அடித்தால் பிளாஸ்டிக் சுருங்கி அச்சின் மேல் படியும். பறக்கிற மாடலுக்கு அவ்வளவு தேவையில்லை.

வண்ணம் பற்றி ஒரே வார்த்தை. பழைய படங்கள் கறுப்பு வெள்ளை. கற்பனையாக மஞ்சளோ சிவப்போ அடிப்பதைவிட, படத்தில் தெரிகிற சாம்பல் நிறங்களையே அப்படியே அடிக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும், கையில் வைத்துப் பார்த்தால் போட்டோ எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். எதுவானாலும் மெல்லிய ஒரே பூச்சு. பெயிண்டும் எடைதான்.

எடையும் பறக்கவிடுவதும்

எல்லாம் சேர்ந்து 20 முதல் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். நகைக்கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் தராசில் வைத்துக் காட்டுவார்.

இறக்கையின் அடியில், வேரில் முன் விளிம்பிலிருந்து 2 செ.மீ. பின்னால், இரண்டு பக்கமும் பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளில் இரண்டு விரல் நுனியைக் கொடுத்துத் தூக்குங்கள். கண்டிப்பாக வால் கீழே தொங்கும். மூக்குக் குழியில் கிளேயும், போதாவிட்டால் ஒரு ஈயத் துண்டும் வைத்து, உடல் மூக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கும்வரை சேருங்கள். இந்தச் சமநிலை வராமல் எறியவே எறியாதீர்கள். வால் கனத்த விமானத்தை எந்தத் திருத்தமும் காப்பாற்றாது.

இடத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் இல்லாத மாதங்களில் பாலாற்று மணல் மாதிரி ஒரு மைதானம் கிடையாது: அகலம் இருக்கிறது, விழுந்தால் உடையாது. சீமைக் கருவேல முட்புதரை மட்டும் தவிர்த்து நில்லுங்கள். கோட்டை மைதானம் வேண்டாம், ஜனம் அதிகம், அகழியில் விழுந்தால் எடுக்க முடியாது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும். சுற்றியிருக்கிற பாறை மலைகள் சூடாக ஆரம்பித்ததும் காற்று தாறுமாறாக எழும்பும், எட்டு மணிக்கு மேல் நீங்கள் செய்த திருத்தம் சரியா, காற்றின் வேலையா என்றே தெரியாது. கத்திரி வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம்.

கையால் எறியும் கிளைடருக்கு யாரும் அனுமதி கேட்கப் போவதில்லை. ரிமோட் வைத்து ஓட்டும் எண்ணம் இருந்தால் 2021 டிரோன் விதிகளின் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தபிறகே இறங்குங்கள். அப்துல்லாபுரத்தில் வேலூர் விமான நிலையம் இருக்கிறது, அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. அந்தப் பக்கங்களில் விளையாட்டு கூடாது.

எறியும் முறை: இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உடலைப் பிடித்து, காற்றுக்கு எதிராக நின்று, தோள் உயரத்தில், மூக்கு லேசாகக் கீழ்நோக்கி, ஈட்டி விடுவது போல நேராகத் தள்ளிவிடுங்கள். மேல்நோக்கி வீசுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதைச் செய்தால் எந்த விமானமும் எழுந்து, நின்று, விழும், அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. சரியான வேகம் என்பது மெதுவாக ஓடுகிற வேகம்தான்.

நேராகத் தள்ளியும் மூக்கைத் தூக்கி, தயங்கி, குத்திட்டு விழுந்து, மறுபடி தூக்கினால் மூக்கில் துளி கிளே சேருங்கள். சீராக ஆனால் செங்குத்தாக மணலில் இறங்கினால் படுக்கை வாலின் பின் விளிம்பில் வாய் ஆவியை ஊதி, விரலால் ஒரு மயிரிழை மேலே வளையுங்கள். ஒரு பக்கமாகவே திரும்பினால் முதலில் இறக்கையைப் பின்னாலிருந்து பாருங்கள், பெரும்பாலும் ஒரு பாதி முறுக்கியிருக்கும். முறுக்கை எடுத்தபிறகும் திரும்பினால்தான் செங்குத்து வாலைத் தொடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இந்த ரக இறக்கைக்கு நுனி குறுகல் என்பதால் வேகம் குறையும்போது ஒரு நுனி முதலில் தொங்கி, விமானம் திருகிக்கொண்டு விழும். இரண்டு நுனிகளிலும் பின் விளிம்பை ஆவி காட்டி 2 மி.மீ. மேலே வளைத்து வையுங்கள், அந்தத் தொல்லை அடங்கும். நிஜ விமானங்களிலும் இறக்கையை நுனிப் பக்கம் இப்படிக் கொஞ்சம் முறுக்கி வைப்பதுண்டு.

கிளைடராக நன்றாகப் பறந்தபிறகு ரப்பர் மோட்டார் பொருத்தலாம். 15 செ.மீ. பிளாஸ்டிக் ப்ரொப்பெல்லர், 3 மி.மீ. அகல ரப்பர் ஒரு சுற்று, உடலின் பக்கவாட்டில் முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு கொக்கி. ப்ரொப்பெல்லரும் அதன் தாங்கியும் மூக்கில் எடை சேர்க்கும், அதனால் கிளேயைக் குறைத்துச் சமநிலையை மறுபடி பாருங்கள். ப்ரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றினால் விமானம் எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும், பின்னாலிருந்து பார்த்து வலஞ்சுழியாகச் சுற்றினால் இடப்பக்கம் இழுக்கும். தாங்கியை 2 டிகிரி வலப்பக்கமும் 3 டிகிரி கீழ்நோக்கியும் சாய்த்துவிட்டால் சமாளிக்கும். முதலில் பாதிக்கும் குறைவாகவே முறுக்கி விடுங்கள்.

ரப்பருக்கு விளக்கெண்ணெய் தடவலாம், தையல் மிஷின் எண்ணெய் தடவக் கூடாது, ஊறிப்போய் அறுந்துவிடும். பறக்கவிட்டு வீட்டுக்கு வந்ததும் ரப்பரைக் கழற்றி, மணல் போக சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் இருட்டான இடத்தில் வையுங்கள். வண்டி சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தால் ஒரு மே மாதத்துக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.